குளத்தூரிலிருந்து ஜெர்மன் மைதானத்துக்கு

ஜெர்மனியில் ஃபுட்பால் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "பேயர்ன் மியூனிக் மேட்சுக்கு டிக்கெட் எப்படி வாங்குறது?" என்பதுதான். அந்தக் கேள்வியைத் தள்ளி வையுங்கள். எந்த வார இறுதி என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், எந்த ஊரில் தங்குவது என்பதை இரண்டாவதாக. எந்த ஆட்டம் என்பது மூன்றாவதாகத்தான் வர வேண்டும். பெயர் பெற்ற கிளப் ஒன்றையே பிடித்துத் தொங்கினால் விமான டிக்கெட்டும் விசாவும் கையில் இருக்கும், மைதானத்துக்குள் போக வழி இருக்காது.

தூத்துக்குடி மாவட்டத்துக் குளத்தூர், கோவில்பட்டி வட்டாரத்துக்கு ஜெர்மன் ஜெர்சி புதிதல்ல. இங்கே ஹாக்கி மட்டை பிடிக்காத தெரு குறைவு. 2025 நவம்பர், டிசம்பரில் சென்னையிலும் மதுரையிலும் நடந்த இளையோர் ஹாக்கி உலகக் கோப்பையை வென்றதும் ஜெர்மனிதான். ஹாக்கிப் பித்து இருக்கிறவர்களுக்கு ஒரு தகவல்: மான்ஷென்கிளாட்பாக் ஊரில் பொருசியா கிளப்பின் கால்பந்து மைதானத்துக்குப் பக்கத்திலேயே ஹாக்கிப் பூங்கா இருக்கிறது. 2006 ஆண்கள் ஹாக்கி உலகக் கோப்பை அங்கேதான் நடந்தது. ஒரே நடையில் இரண்டையும் பார்த்துவிடலாம்.

எந்த மாதம்?

ஜெர்மனியின் முதல் பிரிவு லீக்கான புண்டஸ்லீகா ஆகஸ்டில் தொடங்கி மே நடுவில் முடியும். 18 கிளப்புகள், ஆளுக்கு 34 ஆட்டம். கிறிஸ்துமஸுக்கு முன்பிருந்து ஜனவரி இரண்டாம் வாரம் வரை குளிர்கால விடுமுறை. இலையுதிர் காலத்திலும் மார்ச் கடைசியிலும் தேசிய அணிகளின் ஆட்டங்களுக்காக லீக் நிற்கும். பள்ளி விடுமுறையை மட்டும் பார்த்துத் தேதி குறித்து, அங்கே போய்க் காலி மைதானத்தைச் சுற்றிப் பார்த்துத் திரும்பியவர்கள் உண்டு.

அட்டவணை ஜூன் கடைசி, ஜூலை தொடக்கத்தில் வெளியாகும். ஆனால் அதில் இருப்பது வார இறுதி மட்டுமே. வெள்ளி இரவு 8:30, சனி பிற்பகல் 3:30, சனி மாலை 6:30, ஞாயிறு 3:30, 5:30 என்று ஆட்டங்கள் பிரிந்து கிடக்கும். உங்கள் ஆட்டம் இதில் எந்த நேரத்தில் விழும் என்பதைச் சில வாரங்களுக்கு முன்புதான் அறிவிப்பார்கள். ஆகவே வியாழக்கிழமையே போய் இறங்கி, செவ்வாய்க்கிழமை கிளம்புகிற மாதிரி விமானம் போடுங்கள். "ஞாயிறு காலை ஃப்ளைட் ரேட் கம்மி அண்ணாச்சி, போட்டுரலாமா?" என்று டிராவல்ஸ்காரர் கேட்டால் போட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இதற்கு ஒரே விதிவிலக்கு கடைசிச் சுற்று. முதல் பிரிவின் ஒன்பது ஆட்டங்களும் சனிக்கிழமை பிற்பகல் 3:30க்கு ஒரே நேரத்தில் தொடங்கும். இரண்டாம் பிரிவின் ஒன்பது ஆட்டங்களும் மறுநாள் ஞாயிறு 3:30க்கு. பட்டத்துக்கும் பிரிவிறக்கத்துக்கும் கணக்குப் போட்டுக்கொண்டு யாரும் ஆடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. நம்மைப் போலத் தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு, நேரம் முன்கூட்டியே தெரிந்த வார இறுதி இதுதான். மே நடுவில் வரும்.

கரிசல் காட்டுக் கணக்கும் இதோடு ஒத்துப்போகிறது. புரட்டாசியில் விதைத்து, ஐப்பசி கார்த்திகை மழையை நம்பி இருக்கிற மானாவாரி நிலத்தில் உளுந்து, பாசி, கம்பு, மக்காச்சோளம் எல்லாம் மாசிக்குள் வீடு வந்து சேரும். மிளகாய் மட்டும் சித்திரை வரை இழுக்கும். வைகாசி பிறக்கும்போது காட்டில் வேலையும் இருக்காது, கையில் கொஞ்சம் காசும் இருக்கும். மாதச் சம்பளக்காரர்கள் ஏப்ரலையும் யோசிக்கலாம். விவசாயத்தை நம்பி இருப்பவருக்கு மே தான் சரி. அதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அது விசா: மனுவோடு காட்டும் வங்கிக் கணக்கில் அதற்குள் அறுவடைப் பணம் வந்திருக்கும்.

விசா

பாஸ்போர்ட் இல்லாதவர் அதிலிருந்து தொடங்க வேண்டும். தூத்துக்குடி மாவட்டம் மதுரை மண்டல அலுவலகத்தின் கீழ் வருகிறது. திருநெல்வேலியில் சேவை மையம் இருக்கிறது. விண்ணப்பிக்கும்போது பெயரில் கவனம் வேண்டும். பள்ளிச் சான்றிதழில் "மு. கருப்பசாமி" என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டால் வாங்கிவிடலாம்தான், ஆனால் விமானத்திலும் மைதான டிக்கெட்டிலும் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டமும் நிரம்பியிருக்க வேண்டும் என்பார்கள். தகப்பனார் பெயரை முழுசாக விரித்து அந்தக் கட்டத்தில் போட்டுவிடுவது நல்லது. பிறகு எல்லா இடத்திலும் அதே எழுத்து, அதே வரிசை.

தேவைப்படுவது குறுகிய கால ஷெங்கன் விசா. 180 நாளுக்குள் அதிகபட்சம் 90 நாள் தங்கலாம். 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 6 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு 45. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. முடிவெடுப்பது ஜெர்மன் தூதரகத் தரப்பு. காகிதங்களை வாங்கிக்கொள்வது வி.எஃப்.எஸ். மையம். கைரேகை கொடுக்க நேரில் போக வேண்டும். ஒருமுறை கொடுத்த ரேகை 59 மாதம் செல்லும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் இருக்க வேண்டும். முடிவு வழக்கமாக 15 நாளில் வரும், சிக்கலான மனுவுக்கு 45 நாள் வரை எடுத்துக்கொள்வார்கள். மே பயணத்துக்குப் பிப்ரவரி கடைசியில் மனுப் போட்டுவிட்டால் பதற்றம் இல்லை.

கேட்கிற காகிதங்கள்: திரும்பிய நாளிலிருந்து மூன்று மாதமாவது செல்லுபடியாகும் பாஸ்போர்ட், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, விமான முன்பதிவு, தங்குமிடம், நாள்வாரிப் பயணத் திட்டம், வங்கிக் கணக்கு, வருமான வரிக் கணக்கு, வேலை செய்பவராக இருந்தால் விடுப்புக் கடிதம். விமானத்துக்கு முன்பதிவு போதும், விசா வருமுன் பணம் கட்டி டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை. ஆட்டத்துக்கான டிக்கெட் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மனுப் போடும் நாளில் அந்த டிக்கெட் பெரும்பாலும் விற்பனைக்கே வந்திருக்காது. சுற்றுலா என்று விண்ணப்பித்து, முகப்புக் கடிதத்தில் ஆட்டம் பார்க்கப் போகிறேன், இன்ன ஊர்களில் தங்குகிறேன் என்று உள்ளதை எழுதுங்கள்.

சம்பளக்காரர்களுக்கு இதெல்லாம் எளிது. சம்சாரிகள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பதால் பலரிடம் வரிக் கணக்கே இருக்காது. வங்கிக் கணக்கிலும் பத்து மாதம் ஒன்றும் இருக்காது, அறுவடை முடிந்ததும் மொத்தமாக ஒரு தொகை விழும். அங்கே உட்கார்ந்து பார்க்கிற அதிகாரிக்கு அது யாரிடமோ கைமாற்று வாங்கிப் போட்ட பணம் மாதிரித் தெரியும். ஆகவே மூன்று மாதக் கணக்கோடு நிறுத்தாமல் இரண்டு வருஷக் கணக்கைக் கொடுங்கள். போன மாசியிலும் இதே மாதிரிப் பணம் வந்தது என்று அதிலேயே தெரிந்துவிடும். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திலோ கமிஷன் கடையிலோ கொடுத்த சிட்டையை வைத்திருங்கள். பட்டா, சிட்டா, அடங்கல், வட்டாட்சியர் தரும் வருமானச் சான்று எல்லாவற்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும். நிலம் இருப்பது இங்கே பலம். ஊருக்குத் திரும்பி வர உங்களுக்குக் காரணம் இருக்கிறதா என்பதைத்தான் அவர்கள் முக்கியமாகப் பார்க்கிறார்கள். ஆறு ஏக்கர் கரிசல் அதற்கு நல்ல பதில். நகைக்கடன் வாங்கிக் கணக்கில் இருப்பைக் காட்டும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

முன்பெல்லாம் விசா மறுத்தால், தூதரகத்துக்கே காசில்லாமல் மறுபரிசீலனை மனு அனுப்பலாம். 2025 ஜூலை 1 முதல் ஜெர்மனி அதை எடுத்துவிட்டது. இப்போது புதிதாகக் கட்டணம் கட்டி விண்ணப்பிக்க வேண்டும், இல்லையென்றால் பெர்லின் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். முதல் மனுவையே முழுசாகக் கொடுத்துவிடுவதுதான் சிக்கனம்.

எங்கே தங்குவது?

என் யோசனை ரைன்-ரூர் வட்டாரம். மியூனிக் அழகான ஊர்தான், ஆனால் சுற்றுவட்டாரத்தில் முதல் பிரிவுக் கிளப் என்று பார்த்தால் பேயர்னை விட்டால் ஆக்ஸ்பர்க் மாதிரி ஒன்றிரண்டுதான். டார்ட்முண்ட், கெல்சன்கிர்ஷன், போஹும், டுசல்டார்ஃப், லெவர்குசன், கொலோன், மான்ஷென்கிளாட்பாக் எல்லாம் கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர் மாதிரி ஒரே ரயில் பாதை வாகில் அடுத்தடுத்து இருக்கின்றன. எசன் அல்லது டுசல்டார்ஃபில் அறை எடுத்தால் எந்த மைதானத்துக்கும் உள்ளூர் ரயிலில் ஒன்றரை மணிக்குள் போய்விடலாம். ஒன்றில் டிக்கெட் கிடைக்காவிட்டால் அடுத்தது. கடைசிச் சுற்று அல்லாத வாரத்தில், இரண்டாம் பிரிவு ஆட்டம் சனி மதியம் 1 மணிக்கு, முதல் பிரிவின் முக்கிய ஆட்டம் மாலை 6:30க்கு. நேரம் ஒத்து வந்தால் ஒரே நாளில் இரண்டு மைதானம்.

சென்னையிலிருந்து பிராங்க்பர்ட்டுக்கு லுஃப்தான்சாவின் நேர் விமானம் இருக்கிறது. முத்துநகர் எக்ஸ்பிரஸோ நெல்லை எக்ஸ்பிரஸோ பிடித்தால் காலையில் சென்னை. விமானத்துக்கும் ரயிலுக்கும் நடுவே ஒரு முழுப் பகல் இடைவெளி வையுங்கள். பிராங்க்பர்ட் விமான நிலையத்தை ஒட்டியே விரைவு ரயில் நிலையம், கொலோன் அங்கிருந்து ஒரு மணி நேரம். அந்த ரயிலுக்கு மட்டும் மலிவான, நேரம் மாற்ற முடியாத டிக்கெட் எடுக்காதீர்கள். விமானம் தாமதமானால் காசு போச்சு. குடும்பத்தோடு போகிறவர்கள் திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடா வழியாகப் போகும் விமானங்களின் விலையையும் ஒருதரம் பார்க்கலாம், நாகர்கோவில் வழி ரயில் இருக்கிறது. எப்படிப் போனாலும் கடைசிவரை ஒரே முன்பதிவாக இருக்கட்டும். தனித்தனியாக எடுத்து முதல் விமானம் தாமதமானால், அடுத்த நிறுவனம் பொறுப்பேற்காது.

ஆட்டத்துக்கான டிக்கெட்

புண்டஸ்லீகாவில் 50+1 என்று ஒரு விதி 1998இலிருந்து இருக்கிறது. கிளப்பின் ஓட்டுரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்கள் கையில்தான் இருக்க வேண்டும். லெவர்குசன் மாதிரிச் சில விதிவிலக்குகள் உண்டு. உறுப்பினர்கள் பெரும்பாலும் உள்ளூர் ரசிகர்கள், அவர்கள் விலையை ஏற்ற விடுவதில்லை. நின்று பார்க்கும் இடத்துக்கான டிக்கெட் பல மைதானங்களில் இன்னும் 15 முதல் 20 யூரோதான். விலை குறைவாக இருப்பதாலேயே டிக்கெட் அவர்களுக்குள்ளேயே சுற்றுகிறது. டார்ட்முண்டை எடுத்துக்கொள்ளுங்கள். மைதானம் 81,365 பேருக்கு. அதில் சுமார் 55,000 பேர் பருவச் சீட்டுக்காரர்கள். பத்தில் ஒரு பங்கு எதிரணி ரசிகர்களுக்கு. மிச்சம் 18,000 சொச்சம், அதற்கும் உறுப்பினர்கள் முதலில் வருகிறார்கள். பொது விற்பனைக்கு என்ன மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

டார்ட்முண்டோ பேயர்னோதான் வேண்டும் என்றால் பருவத் தொடக்கத்திலேயே உறுப்பினர் ஆகுங்கள், வெளிநாட்டவரும் ஆகலாம். உறுப்பினருக்கும் டிக்கெட் உறுதி இல்லை, வரிசையில் கொஞ்சம் முன்னால் நிற்கலாம், அவ்வளவுதான். வர முடியாத பருவச் சீட்டுக்காரர் தன் இடத்தைத் திருப்பிக் கொடுக்கும் அதிகாரபூர்வ மறுவிற்பனைப் பக்கம் கிளப் தளத்திலேயே இருக்கும். ஆட்டத்துக்கு முந்தைய சில நாள்களில் அதில் இடம் வந்து வந்து போகும். வெளி ஆள்கள் நடத்தும் மறுவிற்பனைத் தளங்களில் நாலு மடங்கு விலை சொல்வார்கள். அப்படி வாங்கிய டிக்கெட்டைக் கிளப் கண்டுபிடித்து ரத்து செய்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பேரைப் பற்றிக் கவலைப்படாதவருக்கு வாய்ப்பு நிறைய. இரண்டாம் பிரிவை இங்கே பலர் ஏளனமாகப் பார்க்கிறார்கள். பெர்லினின் ஹெர்த்தா 2023இல் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. அது ஆடுவது 74,000 பேருக்கு மேல் உட்காரும் ஒலிம்பிக் மைதானத்தில். அவ்வளவு பெரிய இடத்தில் டிக்கெட் கிடைப்பது டார்ட்முண்டைவிட எவ்வளவோ எளிது. மான்ஷென்கிளாட்பாக் மைதானம் 54,000 பேருக்கு, பட்டத்துக்குப் போட்டியிடாத எதிரணி வரும் நாளில் பொது விற்பனையிலேயே கிடைக்க வாய்ப்பு உண்டு. பெண்கள் புண்டஸ்லீகாவில் சிரமமே இல்லை.

பொது விற்பனை பெரும்பாலும் ஆட்டத்துக்குச் சில வாரங்கள் முன்பு, ஜெர்மன் நேரப்படி காலையில் திறக்கும். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அவர்கள் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்தங்கி இருப்பார்கள், மற்ற மாதங்களில் நாலரை. அங்கே பத்து மணி என்றால் மே மாதத்தில் இங்கே பகல் ஒன்றரை. முந்தின நாளே கிளப் தளத்தில் கணக்குத் தொடங்கி, வங்கிச் செயலியில் உங்கள் அட்டைக்கு வெளிநாட்டு இணையப் பயன்பாட்டைத் திறந்து வையுங்கள். சின்ன வங்கிகளின் டெபிட் அட்டை கடைசி நிமிஷத்தில் கைவிடும். வெளிநாடு போன பிறகும் ஓ.டி.பி. வர வேண்டும் என்பதால் நம்ம ஊர் சிம்மை ரோமிங்கில் வைத்திருங்கள். டிக்கெட் பெரும்பாலும் கைபேசிக்குத்தான் வரும், ஆகவே பவர் பேங்கும் வேண்டும்.

பெட்டியில் என்ன?

கோவில்பட்டிக் கடலை மிட்டாய் தாராளமாகப் போகலாம். கடலையும் வெல்லமும்தான், தடை இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் இறைச்சியும் பால் பொருளும் கொண்டு போகக் கூடாது. பால்கோவா, நெய் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். சான்றிதழ் இல்லாமல் கறிவேப்பிலையும் ஆகாது. மிளகாய்ப்பொடி, பருப்புப்பொடிக்குச் சிக்கல் இல்லை. வேம்பார்க் கருவாட்டுக்குச் சட்டத்தில் இடம் உண்டு, ஆனால் கூட வருகிறவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். தீப்பெட்டி ஊர்க்காரர் என்பதற்காகப் பெட்டியில் தீப்பெட்டி வைக்கக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மே மாதம் அங்கே வசந்தம் என்பார்கள். குளத்தூர் வெயிலில் வளர்ந்த உடம்புக்கு அது மார்கழியைவிடக் குளிர். மழைச் சட்டை, உள்ளே ஒரு கம்பளிச் சட்டை, கெட்டியான காலுறை. குடை மைதானத்துக்குள் போகாது.

ஆட்ட நாள்

பல கிளப்புகளின் டிக்கெட்டே அன்றைக்கு உள்ளூர் ரயில், பஸ்ஸுக்கும் செல்லும். டார்ட்முண்டில் இது உண்டு, மியூனிக்கில் இல்லை. டிக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். நாலைந்து ஊர் சுற்றுகிறவர் நாடு முழுக்க உள்ளூர் ரயில்களில் செல்லும் மாதச் சந்தாவான ஜெர்மனி டிக்கெட்டை யோசிக்கலாம், 2026 ஜனவரி முதல் 63 யூரோ. அதிவேக ரயிலில் அது செல்லாது. அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதத்துக்கும் பிடிப்பார்கள்.

ஏ4 தாளைவிடப் பெரிய பையை உள்ளே விடமாட்டார்கள். முதுகுப்பையை அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள். டார்ட்முண்டின் தெற்குத் திண்ணையில் 24,000 பேருக்கு மேல் நின்று பார்க்கிறார்கள், நின்று பார்க்கும் இடங்களில் ஐரோப்பாவிலேயே அதுதான் பெரியது. அங்கே டிக்கெட் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான், ஆனால் எல்லாருக்கும் ஏற்றதல்ல. இரண்டு மணி நேரம் முன்பே போய் இடம் பிடிக்க வேண்டும். குட்டையானவருக்குக் கொடியும் முதுகும்தான் தெரியும். அறுபது தாண்டியவரை அங்கே கூட்டிப் போகாதீர்கள், உட்காரும் பக்கம் எடுங்கள். எதிரணி ஜெர்சியில் அந்தப் பக்கம் போகவே கூடாது. பாட்டு நடக்கும்போது முதுகைக் காட்டிச் செல்ஃபி எடுத்தால் முகம் சுளிப்பார்கள். தீவிர ரசிகர்கள் சில நேரம் மத்தாப்பு கொளுத்துவார்கள், புகை மூட்டத்தில் ஆட்டம் நிற்கும். அது அங்கே சட்ட விரோதம். சிவகாசிப் பக்கத்துக்காரருக்குக் கை துறுதுறுக்கலாம், கட்டுப்படுத்திக்கொள்ளுங்கள்.

உள்ளே விற்பது பெரும்பாலும் பன்றி இறைச்சி சாசேஜும் பீரும். சைவக்காரருக்கு உருளைக்கிழங்கு வறுவலும் பிரெட்செல் என்ற உப்பு ரொட்டியும் உண்டு. டம்ளருக்கு முன்பணம் பிடிப்பார்கள், திருப்பிக் கொடுத்தால் காசு வரும். வீசி எறியாதீர்கள். பல மைதானங்களில் ரொக்கம் வாங்குவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைத்திருக்கும். பெரிய ரயில் நிலையங்களில் ஒன்றிரண்டு திறந்திருக்கும், அவ்வளவுதான். பாலும் ரொட்டியும் சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள்.

ஆட்டம் இல்லாத நாள்

டார்ட்முண்ட் ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே ஜெர்மன் கால்பந்து அருங்காட்சியகம் இருக்கிறது, 2015இல் திறந்தது. மழை நாளுக்கு ஆகும்.

நான் அதைவிட முன்னால் வைப்பது ஹாம். டார்ட்முண்டிலிருந்து அரை மணி நேர ரயில், பிறகு ஊருக்குக் கிழக்கே உவென்ட்ராப்புக்குப் பஸ். தொழிற்சாலைகளுக்கு நடுவே திராவிடக் கோபுரத்தோடு நிற்கிறது ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயம். ஈழத்திலிருந்து போரால் இடம்பெயர்ந்து வந்த தமிழர்கள் எழுப்பியது, 2002இல் குடமுழுக்கு நடந்தது. வைகாசி, ஆனி வாக்கில் தேர். அன்றைக்கு ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஆயிரக்கணக்கில் ஆள் வரும், காவடியும் தீச்சட்டியும் இருக்கும், பக்கத்துக் கால்வாயில் தீர்த்தவாரி நடக்கும். கடைசிச் சுற்று ஆட்டத்துக்குப் போகிறவர் அந்த ஆண்டுத் தேர்த் தேதியையும் பார்த்து, ஒரு வாரம் சேர்த்துத் தங்கினால் இரண்டும் கிடைக்க வழியிருக்கிறது. சாதாரண நாளில் நடை திறக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

கிளப் கடையில் ஜெர்சி வாங்கினால், ஒரே ரசீதில் 50 யூரோவுக்கு மேல் போகும்போது விற்பனை வரியைத் திரும்பப் பெறும் படிவத்தைக் கேளுங்கள், பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டியிருக்கும். எல்லாக் கடையும் தராது. படிவம் கிடைத்தால், ஜெர்சியைப் போட்டு அழுக்காக்காமல், விலைச் சீட்டோடு வைத்திருங்கள். விமான நிலையத்தில் பெட்டியை ஏற்றுவதற்கு முன்பு சுங்கத்தில் பொருளைக் காட்டி முத்திரை வாங்க வேண்டும். பெட்டி உள்ளே போன பிறகு கேட்டால் முத்திரை கிடைக்காது. பிராங்க்பர்ட்டில் அந்த வரிசை நீளமாக இருக்கும், மூன்று மணி நேரம் முன்பே போய்விடுங்கள்.